சிரிப்பு, பாட்டு, தழுவல்: தமிழ் நாடகப் பருவம் குறித்து ஓர் ஆய்வு

ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டில் இரண்டு நாடகப் பருவங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒன்று சென்னையில். ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புதிய நாடகங்கள் அடுத்தடுத்து அரங்கேறும். மாலையில் திரை விலகும், இரண்டு மணி நேரத்தில் கதை முடியும், சபா உறுப்பினர்கள் வீடு திரும்புவார்கள். மற்றொன்று மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், சிவகங்கை வட்டாரக் கிராமங்களில். பங்குனி தொடங்கி வைகாசி வரை அம்மன் கோயில் திருவிழாக்களை ஒட்டி ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். இரவு பத்து மணிக்கு ஹார்மோனியம் ஒலிக்கத் தொடங்கினால் ஆட்டம் முடிய விடிந்துவிடும்.

முதல் பருவத்தின் உயிர் நகைச்சுவை. இரண்டாவதன் உயிர் பாட்டு. இவற்றைத் தவிர, நாவலையோ பிறமொழி நாடகத்தையோ மேடைக்குக் கொண்டுவரும் தழுவல் நாடகங்கள் எந்தப் பருவத்திலும் அடங்காமல் அவ்வப்போது நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்றின் பார்வையாளருக்கு மற்றொன்றைத் தெரியாது; நடிகர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது. நாடகம் செத்துவிட்டது என்று ஐம்பது ஆண்டுகளாகப் புலம்பிவருகிறோம். நாடகம் சாகவில்லை, துண்டுபட்டுக் கிடக்கிறது என்பதே என் கருத்து. இந்த மூன்று கூறுகளும் எங்கே ஒன்றாக இருந்தன, எப்படிப் பிரிந்தன, பிரிந்தபின் ஒவ்வொன்றும் எதைப் பெற்றது, எதை இழந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மேடையில் மூன்றும்

தமிழில் பாட்டும் தழுவலும் இரட்டையாகவே பிறந்தவை. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) கம்பராமாயணத்தை இராம நாடகக் கீர்த்தனைகளாக்கினார். பெருங்காப்பியம் ஒன்றைப் பாமரரும் கேட்டு அனுபவிக்கும் பாட்டு நாடகமாக மாற்றிய அந்த வேலை முழுக்க முழுக்கத் தழுவல் வேலைதான். எந்தக் காட்சியை எடுப்பது, எதைக் கீர்த்தனையாக்குவது, எதைச் சுருக்கிச் சொல்வது என்று அவர் எடுத்த முடிவுகளை, நாவலை நாடகமாக்கும் ஒவ்வொருவரும் இன்றும் எடுத்தாக வேண்டும்.

அந்த மரபை முறைப்படுத்தியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவருக்கு முன் மேடை பெரும்பாலும் பாட்டாலேயே நிறைந்திருந்தது. இடையில் வரும் வசனம் நடிகரின் வாய்க்கு வந்தபடி போகும். சுவாமிகள் பாட்டையும் விருத்தத்தையும் உரையாடலையும் எழுதி ஒழுங்குசெய்து, பாடமாக நடிகர்கள் கையில் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், அல்லி அர்ஜுனா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரில் நிற்கின்றன. ஏறக்குறைய அனைத்துமே புராணத்திலிருந்தும் காப்பியத்திலிருந்தும் வாய்மொழிக் கதையிலிருந்தும் எடுத்துத் தழுவியவை. அனைத்திலும் பாட்டு உண்டு. நகைச்சுவைக்குப் பபூன் உண்டு. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள்.

பபூனை இடைவேளைக்கு வந்து போகிறவர் என்று எடைபோடக் கூடாது. ராஜபார்ட் எனும் கதாநாயகனும் ஸ்திரீபார்ட் எனும் கதாநாயகியும் புராண காலத்தில் நின்று பாட, பபூன் மட்டும் பார்வையாளர் வாழும் காலத்தில் நிற்பார். ஊர் நியாயம், கடன், விலைவாசி, அதிகாரி என்று எதையும் அவர் தொடலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தச் சுதந்திரம் மேடை முழுவதற்கும் பரவியது. விசுவநாத தாஸ் (1886-1940) முருகன் வேடத்தில் புராணப் பாட்டுக்கு நடுவே தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ஒற்றைவாடை அரங்கில் வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. பாட்டும் கதையும் அன்றைய அரசியலும் ஒரே மேடையில் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலம் அது.

பாட்டு போன வழி

இசை நாடகத்தின் உச்சத்தை எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் என்ற இரண்டு பெயர்களால் நினைவுகூர்கிறோம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய குரல்கள் அவை. கிட்டப்பா 1933-இல், முப்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தார். அதே ஆண்டுகளில் தமிழ்ப் பேசும்படம் வளரத் தொடங்கியது. பாடும் நடிகர்கள் சினிமாவுக்குப் போனார்கள், அவர்களோடு பாட்டும் போனது. பாட்டுக்காகவே நாடகத்துக்கு வந்த கூட்டத்துக்கு, அதே பாட்டு குறைந்த கட்டணத்தில் சினிமாக் கொட்டகையில் கிடைத்தது.

நகரம் கைவிட்டதைக் கிராமம் காப்பாற்றியது. ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாடு உலக நாடக முறைகளில் வியப்புக்குரிய ஒன்று. இதில் நிலையான குழு இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். அன்று மாலைதான் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். இருந்தும் இரவு முழுவதும் நாடகம் தடையின்றி ஓடும். சுவாமிகளின் பாடத்தை எல்லோரும் பொதுவாகக் கற்றிருப்பதால் இது முடிகிறது. ஹார்மோனியக்காரர் பாட்டுப் பாடித் தொடங்கிவைப்பார். அடுத்துப் பபூன் வருவார், பிறகு பபூனும் டான்ஸும் சேர்ந்து ஆடும் பகுதி. நள்ளிரவை ஒட்டி ராஜபார்ட் மேடையேறினால் கதை சூடுபிடிக்கும். வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே பெரியவர்கள் விழித்திருப்பார்கள். தர்க்கத்தில் இருவரில் யார் மடக்கப்படுவார் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. பாடத்தை நன்கு அறிந்தவர்தான் பாடத்தை விட்டு வெளியே போய்ப் பேச முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

யாழ்ப்பாணத்திலும் இம்மரபு வேரூன்றியது. தமிழகத்திலிருந்து போன குழுக்கள் விதைத்ததை அங்குள்ள கலைஞர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் வி.வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தால் அப்பகுதி மக்கள் மனத்தில் நிலைத்தார்.

ஆனால் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு நாம் கொடுத்த மதிப்பு எவ்வளவு? மேடையில் ஆடும் பெண்ணை, குறிப்பாக டான்ஸ் பாத்திரம் ஏற்பவரை, ஊர் ரசிக்கவும் செய்கிறது, இழிவாகப் பேசவும் செய்கிறது. ஆண்டின் சில மாத வருமானத்தைக் கொண்டே முழு ஆண்டையும் ஓட்ட வேண்டிய நிலை அவர்களுடையது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது திருவிழாக்கள் நின்றன. 2021 கோடையிலும் அதுவே நடந்தது. இரண்டு பருவங்கள் தொடர்ந்து போனால் ஒரு நாடகக் குடும்பம் என்னவாகும் என்பதைத் தமிழ்ச் சமூகம் போதிய அளவு கவனிக்கவே இல்லை.

சிரிப்பு போன வழி

நகர நாடகத்தின் தொடக்கம் 1891. பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சுகுண விலாச சபாவை நிறுவினார். பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர் தாமே மேடையேறி நடித்ததால், 'கூத்தாடி' என்ற இழிசொல்லின் பலம் படித்த வகுப்பாரிடையே குறைந்தது. விடிய விடிய நடந்த நாடகத்தை அவர் சில மணி நேரத்துக்குள் அடக்கினார், உரைநடை வசனத்தை முதன்மையாக்கினார், பாட்டைக் குறைத்தார். மறுநாள் அலுவலகம் போக வேண்டிய பார்வையாளருக்கு அது தேவையாகவும் இருந்தது. முதலாளி, வேலைக்காரன் இருவருக்கும் ஒரே பெயரை வைத்து அவர் எழுதிய சபாபதி, நகர நகைச்சுவை நாடகத்துக்கு முன்மாதிரி ஆயிற்று. 1941-இல் திரைப்படமான அது இன்றும் சிரிக்க வைக்கிறது.

அமெச்சூர் சபா நாடகம் என்ற பெருமரம் இந்த வேரிலிருந்து எழுந்தது. 1952-இல் ஒய்.ஜி. பார்த்தசாரதி யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸைத் தொடங்கினார். அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்த கே. பாலசந்தர், சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, மேஜர் சந்திரகாந்த், எதிர்நீச்சல் ஆகிய நாடகங்களைக் கொடுத்தார். வழக்கறிஞரான சோ, விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் மூலம் அரசியல் நையாண்டியை மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் காத்தாடி ராமமூர்த்தி, மௌலி, விசு, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று வரிசை நீண்டது. பகலில் வேலை, மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மேடை என்று வாழ்ந்தவர்கள் பலர். நாடகத்தை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை என்பதால் துணிவாக எழுத முடிந்தது. அதே காரணத்தால், நாடகத்தை ஒரு தொழிலாகக் கட்டியெழுப்ப வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

சோவின் முகமது பின் துக்ளக் 1968-இல் மேடையேறியது. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் உயிரோடு கிடைத்துவிட்டதாக நாட்டை நம்பவைத்து ஒருவன் பிரதமராகிறான். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறான், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். மொழிப் போராட்டமும் கட்சித் தாவலும் அன்றாடச் செய்தியாக இருந்த காலத்தில் அந்தச் சிரிப்புக்குப் பொருள் இருந்தது. அதற்கு முன்பே எம்.ஆர். ராதா மேடையில் நின்றபடி அன்றைய செய்தித்தாளை விமரிசித்துக் கைதட்டல் பெற்றவர். அவரது ரத்தக் கண்ணீர் நாடகத்தின் வீச்சும், புராணங்களை அவர் மேடையில் நையாண்டி செய்ததும் ஆட்சியாளர்களைக் கலங்கடித்தன. 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எழுத்துப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது.

கிரேஸி மோகனின் வருகை நகைச்சுவையை வேறு திசைக்குக் கொண்டுபோனது. எஸ்.வி. சேகரின் குழுவுக்காக எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அவருக்குப் பட்டப்பெயரையே வாங்கித் தந்தது. அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை 1983-இல் பாலசந்தர் பொய்க்கால் குதிரையாகப் படமாக்கினார். 'சாக்லேட் கிருஷ்ணா' பல நூறு முறை நடந்தது. சொல்லின்மேல் சொல் ஏறி வரும் வேகம், ஆள்மாறாட்டம், யாரையும் புண்படுத்தாத குணம் ஆகியவை அவருடைய பலங்கள். 2019-இல் அவர் மறைந்தபோது குடும்பத்தோடு சிரித்த ஒரு தலைமுறை தன் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் வருந்தியது.

அவர் அளவுக்குக் கைத்திறன் இல்லாதவர்களும் அதே பாணியைப் பின்பற்றியதால் சிக்கல் வந்தது. மேடையில் எப்போதும் ஒரு கூடம், ஒரு சோபா, சமையலறைக்குப் போகும் ஒரு கதவு. நடிகர்கள் தொங்கும் மைக்குகளுக்குக் கீழே வந்து நின்று வசனம் சொல்லிவிட்டு விலகுவார்கள். உடம்பு நடிப்பதில்லை, வாய் மட்டும் நடிக்கிறது. 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததும் இத்தகைய நாடகம் எளிதாக அதற்குள் புகுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் புரியக்கூடிய நாடகத்துக்கு அரங்கு எதற்கு என்று பார்வையாளர் கேட்டால், நம்மிடம் பதில் இல்லை. துணுக்குத் தோரணம் என்று விமரிசகர்கள் கடிந்ததில் நியாயம் உண்டு. எனினும் சபா நாடகத்தை ஒட்டுமொத்தமாகத் தள்ளியவர்கள், பெருந்திரளான குடும்பங்களைக் கட்டணம் கொடுத்து அரங்குக்கு வரவைத்த அதன் ஆற்றலைப் பார்க்கத் தவறினார்கள். அந்தத் தவறும் சிறியதல்ல.

தழுவல் போன வழி

தழுவலில் தமிழ் மேடைக்கு நீண்ட அனுபவம் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், வெனிஸ் வணிகனை வாணீபுர வணிகன் ஆக்கினார், மாக்பெத்தை மகபதி ஆக்கினார். பெயரை மட்டும் மாற்றி நிறுத்தாமல், அரசவையையும் உறவுமுறையையும் தமிழ்ப் பார்வையாளர் நம்பும்படி அமைத்தார். எம். கந்தசாமி முதலியார் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகாவையும் நாடகமாக்கினார். புராணக் கதைகளே ஆண்ட மேடையில், ரயிலும் வக்கீலும் போலீசும் வரும் சமகாலக் கதை நுழைந்தது இவ்வழியாகத்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் வங்க நாவல் ஒன்றைத் தழுவிய குமாஸ்தாவின் பெண்ணை நடத்தினார்கள்.

தழுவலுக்குக் காத்திராமல் எழுத்தாளரே நேரடியாக மேடைக்கு எழுதியதற்கு அரிய எடுத்துக்காட்டு சுஜாதா. அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த பூர்ணம் விசுவநாதன், நாடகத்துக்குள் வந்து சுஜாதாவின் கடவுள் வந்திருந்தார், ஊஞ்சல், டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு ஆகியவற்றை மேடையேற்றினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நடுத்தர வர்க்க மனிதர்முன் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான், மற்ற யார் கண்ணுக்கும் அவன் தெரிவதில்லை என்பது கடவுள் வந்திருந்தாரின் கதை. அதில் சிரிப்பு உண்டு. சிரிப்புக்கு அடியில் வீட்டில் மதிப்பிழந்து போன ஒரு முதியவரின் வலியும் உண்டு. சபா நாடகம் இரண்டையும் சேர்த்துத் தர முடியும் என்பதற்கு இந்நாடகமே சான்று.

சபாவுக்கு வெளியே 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும், அடுத்த ஆண்டு தோன்றிய பரீக்ஷாவும், மதுரையில் மு. ராமசுவாமி நடத்திய நிஜ நாடக இயக்கமும் வேறொரு பாதை போட்டன. சோஃபக்ளிஸின் ஆன்டிகனியை மு. ராமசுவாமி துர்க்கிர அவலமாக்கியபோது, கிரேக்க நாடகம் தமிழ் அரங்க மொழியில் பேசியது. தெருக்கூத்தின் உடலசைவையும் தாளத்தையும் இக்குழுக்கள் நவீன நாடகத்துக்குக் கொண்டுவந்தன. ஆனால் சபாவின் கூட்டமும் கிராமத்தின் கூட்டமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பெரும் அளவில் வெற்றி பெற்ற தழுவல் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ஐந்து பாக நாவலை குமரவேல் நாடகமாக்க, மேஜிக் லான்டர்ன் குழு 1999-இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் நடத்தியது. 2014-இல் தோட்டா தரணியின் அரங்க அமைப்போடு மியூசிக் அகாடமியில் மீண்டும் நடந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடிய நாடகத்தை மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி வந்து முழுமையாகப் பார்த்தார்கள். தமிழ்ப் பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்ற பேச்சை இந்த ஒரு நிகழ்வே பொய்யாக்கியது. அதே குமரவேல் பின்னர் 2022, 2023 ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களின் திரைக்கதையிலும் பங்கேற்றார். மேடையில் பெற்ற பயிற்சி அங்கே பயன்பட்டது.

பிரிவின் விலை

மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. ஒவ்வொன்றிடமும் இல்லாதது மற்றொன்றிடம் நிறைய இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் குரலும் உடம்பும் உடனடித் திறமையும் உண்டு, புதிய எழுத்து இல்லை. நூறாண்டுக்கு முந்தைய பாடங்களே இன்னும் ஆட்சி செய்கின்றன. சபா நகைச்சுவையில் புதிய எழுத்து ஆண்டுதோறும் வருகிறது, பாட்டு இல்லை. இசை பெரும்பாலும் ஒலிப்பதிவு. நவீனக் குழுக்களிடம் தழுவும் அறிவும் அரங்க நுட்பமும் உண்டு, நிலையான பார்வையாளரும் பருவமும் இல்லை.

இந்தப் பிரிவுக்குச் சினிமாவும் தொலைக்காட்சியும் மட்டும் காரணமல்ல. சாதியும் வர்க்கமும் இதில் உண்டு. ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தின் நாடகத்தைக் கீழானது என்று எண்ணியது. இசை நாடகத்தை நகரம் பட்டிக்காட்டுக் கூத்து என்றது. சபா நாடகத்தைச் சிற்றிதழ் உலகம் வெறும் துணுக்கு என்றது. நவீன நாடகத்தைச் சபா புரியாத நாடகம் என்றது. கோமல் சுவாமிநாதன் போன்ற சிலரே இச்சுவர்களைத் தாண்டினார்கள். சபா மேடையில் 1980-இல் தண்ணீர் தண்ணீர் நாடகத்தை நடத்திக் கிராமத்து வறட்சியை நகரத்தின் முகத்துக்கு எதிரே வைத்தார். பின்னர் சுபமங்களா ஆசிரியராக இருந்து நவீன நாடகங்களுக்கும் விழா எடுத்தார். ஒரு மனிதர் செய்ய முடிந்ததை இத்தனை அமைப்புகள் சேர்ந்து ஏன் செய்ய முடியாது?

செய்ய வேண்டியவை

முதலில், கோடைப் பருவத்தை நடத்தும் சபாக்கள் தங்கள் விழாவில் ஓர் இசை நாடகத்துக்கும் ஒரு தழுவலுக்கும் கட்டாயம் இடம் ஒதுக்க வேண்டும். மதுரை, புதுக்கோட்டை நாடக நடிகர் சங்கங்களின் கலைஞர்களை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, முழு மரியாதையோடு மேடையேற்ற வேண்டும். அரைமணி நேரக் காட்சிப்பொருளாக அவர்களை நிறுத்தக் கூடாது. வள்ளி திருமணத்தின் தர்க்கக் காட்சியை மட்டும் இரண்டு மணி நேரம் நடத்தினாலும் சென்னைப் பார்வையாளர் இருக்கையை விட்டு எழ மாட்டார்.

இரண்டாவதாக, நாடகப் பிரதிகள் அச்சாக வேண்டும். சபா நாடகங்களில் மிகப் பெரும்பாலானவை எழுதியவர் வீட்டுப் பெட்டியோடு அழிகின்றன. பிரதி இல்லாவிட்டால் மறுமேடையேற்றம் இல்லை, ஆய்வும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றி நாம் இன்று பேச முடிவதற்குக் காரணம், அவர் தம் நாடகங்களையும் நாடக மேடை நினைவுகளையும் அச்சிட்டுவிட்டுப் போனதுதான்.

மூன்றாவதாக, ஸ்பெஷல் நாடகத்துக்குப் புதிய பாடங்கள் எழுதப்பட வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் தம் காலத்தில் எழுதியதுபோல், இக்காலக் கவிஞர்கள் இக்காலக் கதைகளை அந்த அமைப்புக்குள் எழுதலாம். தமிழ் நாவல்களில் பாட்டுக்கும் தர்க்கத்துக்கும் இடம்தரும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. நடிகர் சங்கங்களும் பல்கலைக்கழக நாடகத் துறைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

நான்காவது வேண்டுகோள் வாசகருக்கு. நாடகத்தை இலவசமாகப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். இந்தக் கோடையில் ஒரு சபா நாடகத்துக்குச் சீட்டு வாங்குங்கள். தெற்கே ஏதாவது ஒரு கிராமத்துத் திருவிழாவில் ஓர் இரவு விழித்திருந்து இசை நாடகம் பாருங்கள். உங்கள் ஊருக்கு ஒரு தழுவல் நாடகம் வந்தால் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மூன்றையும் பார்த்த ஒரு பார்வையாளர் கூட்டம் உருவானால், மூன்றையும் இணைக்கும் நாடகத்தை எழுத ஆள் வருவார்கள்.